மருத்துவருக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவில் ஒருவர்: மருத்துவத் தகவலியலின் தொழில்நெறி

2020 ஜனவரி 27 அன்று அமெரிக்க நீதித்துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சான்ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பிராக்டிஸ் ஃபியூஷன் என்ற மருத்துவ மென்பொருள் நிறுவனம், தன்மீதான குற்றவியல், உரிமையியல் விசாரணைகளை முடித்துக்கொள்வதற்காக 14.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டிருந்தது. மின்னணு மருத்துவப் பதிவேட்டைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின்மீது அந்த நாட்டில் குற்றவியல் நடவடிக்கை எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இந்தச் செய்தியைப் படிப்பவருக்கு ஒரு குழப்பம் எழுவது இயல்பு. நோயாளிகளின் தகவல் திருடப்பட்டதாக இந்த வழக்கு சொல்லவில்லை. மருந்தில் கலப்படம் இல்லை. ஒவ்வொரு மருந்துச் சீட்டிலும் கையெழுத்திட்டவர் உரிமம் பெற்ற மருத்துவர். அவரை யாரும் மிரட்டவும் இல்லை. அப்படியானால் குற்றம் எங்கே நடந்தது?

அது நடந்த இடம் மருத்துவரின் கணினித் திரை. திரையில் எந்தக் கேள்வி தோன்ற வேண்டும், அதற்கான விடைகள் எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்த நோயாளியின் கோப்பைத் திறக்கும்போது எந்த அறிவுறுத்தல் எழ வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்தவர்கள் அந்தத் தீர்மானத்தை ஒரு மருந்து நிறுவனத்துக்கு விற்றிருந்தார்கள். மருத்துவத் தகவலியலில் தொழில்நெறி என்றால் என்ன, அது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான வழக்கு கிடைப்பது அரிது.

திரை எப்படிச் சிகிச்சையில் பங்கேற்கிறது?

நோயாளியைப் பற்றிய தகவலைச் சேகரிப்பது, ஒழுங்குபடுத்திச் சேமிப்பது, வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கைக்குக் கொண்டுசேர்ப்பது, அதிலிருந்து சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் உதவும் முடிவுகளைப் பெறுவது ஆகியவற்றை ஆராயும் துறைக்கு மருத்துவத் தகவலியல் என்று பெயர். மருத்துவமனை மென்பொருளை வடிவமைப்பவர், தரவுத்தளத்தைப் பராமரிப்பவர், நோய்களுக்குக் குறியீடு இடுபவர், யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கும் மாதிரியை உருவாக்குபவர், எந்த ஊழியருக்கு எந்தப் பக்கம் திறக்கலாம் என்று அனுமதி வழங்குபவர் எனப் பலதரப்பட்டவர்கள் இதில் பணியாற்றுகிறார்கள். இவர்களில் பலர் ஒரு நோயாளியையும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் மூன்று வழிகளில் அவர்கள் செய்யும் வேலை நோயாளியின் உடலைத் தொடுகிறது.

1. கேட்கப்படும் கேள்வி. படிவத்தில் ஒரு தகவலுக்கு இடமிருந்தால் அது பதிவாகும். இடமில்லாவிட்டால் அடுத்து வரும் மருத்துவருக்கு அது தெரியாமலே போகும். ஒவ்வாமைக்கான கட்டத்தை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்று வைப்பதும், அதை விருப்பம்போல் விட்டுவிடலாம் என்று வைப்பதும் ஒன்றல்ல.

2. முன்கூட்டியே நிரப்பிய விடை. இதைத்தான் டீஃபால்ட் என்கிறார்கள். பயன்படுத்துபவர் எதையும் மாற்றாவிட்டால் எது நடக்கும் என்பதே இதன் பொருள். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் மருந்து எழுதும் திரை ஒருமுறை திருத்தப்பட்டது. மருத்துவர் ஒரு கட்டத்தில் டிக் செய்து வேண்டாம் என்று சொன்னாலொழிய, பிராண்டுப் பெயரில் எழுதிய மருந்தும் ஜெனரிக் மருந்தாகவே போகும்படி அமைக்கப்பட்டது. 2016இல் வெளியான ஆய்வின்படி, அங்கே ஜெனரிக் மருந்து எழுதும் விகிதம் 75 சதவீதத்திலிருந்து 98 சதவீதத்துக்கு உயர்ந்தது. மாறியது ஒரு சின்னக் கட்டம் மட்டுமே. மருத்துவர்களின் அறிவோ அக்கறையோ ஓர் இரவில் கூடிவிடவில்லை.

3. அலர்ட். இந்த நோயாளிக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இந்தப் பரிசோதனைக்கான காலம் கடந்துவிட்டது என்று மென்பொருள் தானே முன்வந்து சொல்வது இது. இத்தகைய வசதிகள் மருத்துவ முடிவுத் துணை என்ற பொதுப் பெயரில் வழங்குகின்றன. அளவோடு இருந்தால் உயிரைக் காக்கும். தொட்டதற்கெல்லாம் அலர்ட் வந்தால் மருத்துவர் படிக்காமலே மூடப் பழகிவிடுவார். பிறகு வரும் உண்மையான எச்சரிக்கையும் அந்தப் பழக்கத்திலேயே மூடப்பட்டுவிடும்.

ஆகவே, மென்பொருள் வெறும் கருவி, முடிவெடுப்பவர் மருத்துவரே என்ற வாதம் சட்டத்தின் ஏட்டில் சரியாக இருக்கலாம். மருத்துவமனையின் அன்றாடத்தில் அது பாதி உண்மைதான். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது பேரைப் பார்க்கும் ஒருவர், திரை காட்டும் பாதையில்தான் பெரும்பாலும் நடப்பார்.

பிராக்டிஸ் ஃபியூஷன் செய்தது என்ன?

பின்னணியிலிருந்து தொடங்க வேண்டும். 2009இல் அமெரிக்கா கொண்டுவந்த ஹைடெக் சட்டம், காகிதக் கோப்பைக் கைவிட்டு மின்னணுப் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவர்களுக்கு அரசு ஊக்கத்தொகை வழங்க வழிசெய்தது. தொகையைப் பெற வேண்டுமானால் சான்றிதழ் பெற்ற மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும்; முடிவுத் துணை வசதியையும் இயக்க வேண்டும். பெரிய மருத்துவமனைகள் விலை உயர்ந்த மென்பொருளை வாங்கின. ஓரிரு மருத்துவர்கள் மட்டுமே நடத்தும் சிறிய கிளினிக்குகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. பிராக்டிஸ் ஃபியூஷன் தன் மென்பொருளை அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. விளம்பரதாரர்களும் மருந்து நிறுவனங்களும் பணம் கொடுத்தார்கள்.

நீதித்துறையின் குற்றச்சாட்டு இந்த ஏற்பாட்டின் உச்சத்தைப் பற்றியது. நாள்பட்ட வலிக்கான ஒரு முடிவுத் துணை அலர்ட்டை உருவாக்குவதற்காக, ஓப்பியாய்டு எனும் அபின் வகை வலிநிவாரணி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றிடமிருந்து ஏறத்தாழ 10 லட்சம் டாலரை அது கேட்டுப் பெற்றது. அப்போது பெயர் குறிப்பிடப்படாத அந்த நிறுவனம் பர்டியூ ஃபார்மா. தான் செலுத்திய அந்தப் பணம் உள்ளிட்ட குற்றங்களை 2020 நவம்பரில் பர்டியூ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

அலர்ட் வேலை செய்த விதத்தை அருகில் சென்று பார்க்கலாம். மருத்துவர் நோயாளியின் கோப்பைத் திறக்கிறார். வலியின் அளவைப் பதிவு செய்யுமாறு திரை நினைவூட்டுகிறது. வலி நீடித்தால், அதற்கொரு சிகிச்சைத் திட்டம் வகுக்குமாறு கேட்கிறது. திட்டத்துக்கான தெரிவுகள் ஒரு பட்டியலாக விரிகின்றன. மற்றச் சிகிச்சைகளோடு ஓப்பியாய்டும் அதில் ஒன்றாக நிற்கிறது. இதில் எந்த வரியும் தனியாகப் பார்த்தால் பொய்யல்ல. ஆனால் 2016 மார்ச்சில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்கு ஓப்பியாய்டு அல்லாத சிகிச்சைகளையே முதலில் நாட வேண்டும் என்றும், ஓப்பியாய்டு தொடங்கியே தீர வேண்டிய நிலையிலும் நெடுநேரம் மெல்ல வெளியாகும் வகையைக் கொண்டு தொடங்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. பர்டியூ விற்றது அந்த நெடுநேர வகையை. நாட்டில் பல லட்சம் குடும்பங்களை ஓப்பியாய்டு அடிமைத்தனம் குலைத்துக்கொண்டிருந்த காலம் அது.

2016 ஜூலையில் தொடங்கிய அந்த அலர்ட் 2019 வசந்த காலம் வரை இயங்கியது. அந்தக் காலத்தில் அது 23 கோடி முறைக்கும் மேல் தோன்றியதாகச் செய்திகள் தெரிவித்தன. அலர்ட்டைப் பெற்ற மருத்துவர்கள், பெறாதவர்களைவிட அதிக விகிதத்தில் நெடுநேர ஓப்பியாய்டு எழுதினார்கள் என்று நீதித்துறை கூறியது. எந்த வழிகாட்டுதலை அலர்ட்டுக்கு அடிப்படையாக எடுப்பது, எந்த நோயாளிக்கு அது தோன்றுவது என்பவற்றைத் தீர்மானிப்பதில் மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரிவினர் பங்கெடுத்தார்கள். சில அலர்ட்டுகளில் வாசகத்தையே அவர்கள் எழுதினார்கள். வலிக்கான அலர்ட் மட்டுமல்ல, வேறு மருந்துகளுக்காகவும் இதுபோன்ற ஏற்பாடுகள் இருந்தன.

இதில் உள்ள தவறுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் தொழில்நெறியின் தேவை விளங்கும்.

1. கையூட்டு. அரசு மருத்துவத் திட்டங்கள் செலவை ஏற்கும் மருந்தைப் பரிந்துரைக்கச் செய்வதற்காகப் பணம் வாங்குவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். சட்டம் பிடித்தது இதைத்தான்.

2. மறைப்பு. மெடிக்கல் ரெப் பையோடு வாசலில் வந்து நிற்கும்போது, அவர் யாருக்காகப் பேசுகிறார் என்பது மருத்துவருக்குத் தெரியும். அவர் சொல்வதில் எவ்வளவைத் தள்ளிவிட்டுக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். அலர்ட்டோ மருத்துவ வழிகாட்டுதலின் குரலில் பேசியது. அதற்குப் பின்னால் ஒரு ரெப் நிற்பதை அறிய மருத்துவருக்கு வழியே இல்லை.

3. அளவு. ஒரு மருத்துவரை வளைத்தால் அவரிடம் வரும் நோயாளிகள் மட்டும் பாதிக்கப்படுவார்கள். ஒரு விதியை மென்பொருளில் எழுதிவிட்டால் அந்த மென்பொருள் ஓடும் அத்தனை கிளினிக்குகளிலும் அதே நாளில் அது அமலுக்கு வருகிறது. களைப்படையாது, சந்தேகப்படாது, யாருக்கும் விதிவிலக்கு தராது.

4. பயன்பாட்டு நோக்கத்தின் திரிபு. வலி பற்றிய விவரத்தை நோயாளி சொன்னது தன் வலி தீர வேண்டும் என்பதற்காக. அதே விவரம் அவரை ஒரு சந்தை இலக்காகத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்டது. தகவல் வெளியே கசியவில்லை என்பதால் இது குறைந்த துரோகம் ஆகிவிடாது.

இரண்டாவதும் நான்காவதும்தான் சட்டம் வருவதற்கு முன்பே ஒரு தொழிலாளி தன் மனசாட்சியோடும் தன் துறையின் நெறியோடும் எதிர்கொள்ள வேண்டியவை. நிரலை எழுதியவர், சோதித்தவர், பட்டியலின் வரிசையைத் திரையில் அமைத்தவர் ஆகிய எல்லோருடைய கையையும் கடந்துதான் அந்த அலர்ட் மருத்துவரை அடைந்திருக்கும்.

நெறிமுறை யாருக்கு என்ன கடமை சொல்கிறது?

சர்வதேச மருத்துவத் தகவலியல் சங்கம் 2002இல் ஒரு நெறிமுறைத் தொகுப்பை ஏற்றது. 2016இல் அதைத் திருத்தியது. அதை வரைந்ததில் முக்கியப் பங்கு கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக மெய்யியல் பேராசிரியர் ஐக்-ஹென்னர் க்ளூகேவுடையது. மெய்யியலாளர் ஒருவர் எழுதியதாலோ என்னவோ, அது பாஸ்வேர்டைப் பற்றிய அறிவுரைகளில் தொடங்காமல், மனிதரின் தன்னாட்சி, சமத்துவம், நன்மை செய்தல், தீங்கு தவிர்த்தல் ஆகிய அடிப்படைகளில் தொடங்குகிறது. அவற்றிலிருந்து ஏழு தகவல் நெறிகளைப் பெறுகிறது: தன் தகவல் எப்படிக் கையாளப்பட வேண்டும் என்பதில் நோயாளிக்குள்ள உரிமை, சேகரிப்பது தெரியும்படி நடக்க வேண்டும் என்ற வெளிப்படைத்தன்மை, பாதுகாப்பு, தன் பதிவைப் பார்க்கவும் திருத்தவும் உள்ள உரிமை, அந்த உரிமைகளை எப்போது நியாயமாக மட்டுப்படுத்தலாம் என்ற வரையறை, மட்டுப்படுத்தும்போது மிகக் குறைவாகத் தலையிடும் வழியையே நாடுதல், தலையிட்டதற்குக் காரணம் சொல்லும் பொறுப்பு.

நடைமுறையில் இதைவிடப் பயனுள்ளது, கடமைகளை அது ஆறு திசைகளில் பிரித்திருப்பது.

1. தகவலுக்குரிய நோயாளிக்கு.
2. சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும்.
3. வேலை கொடுத்த நிறுவனத்துக்கு.
4. சமூகத்துக்கு.
5. தனக்கு, அதாவது தன் திறனின் எல்லையை அறிந்து நடப்பதற்கு.
6. தன் தொழிலுக்கு.

மோதல் பிறக்கும் இடம் முதல் மூன்றுக்கும் இடையில். சம்பளம் மூன்றாமவரிடமிருந்து வருகிறது. திரையை நம்புபவர் இரண்டாமவர். விளைவைச் சுமப்பவர் முதலாமவர். அவருக்கு இந்தத் தொழிலாளி இருப்பதே தெரியாது. மருத்துவரிடம் நோயாளி கேள்வி கேட்கலாம், வேறு மருத்துவரிடம் போகலாம். திரையை வடிவமைத்தவரிடம் அவர் எதையும் கேட்க முடியாது. அப்படிக் கேட்க வழியில்லாத நோயாளிக்குப் பட்டிருக்கும் கடமைதான் அதிகக் கண்டிப்போடு நிறைவேற்றப்பட வேண்டியது என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

இந்தத் தொகுப்புகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. மருத்துவர் நெறி தவறினால் மருத்துவக் கவுன்சில் அவரது பதிவை இடைநிறுத்தலாம். தகவலியலாளர்களில் பெரும்பாலோருக்கு அப்படிப் பறிக்கக்கூடிய பதிவு கிடையாது. சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவரை அதன் நெறிமுறை நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

நிறுவனம் சொன்னதைச் செய்தேன் என்பது விடையாகுமா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் 2017லேயே ஒரு பதில் கிடைத்தது. ஈகிளினிக்கல்வொர்க்ஸ் என்ற பதிவேட்டு நிறுவனம், தன் மென்பொருளுக்குப் பொய்யான வழியில் அரசுச் சான்றிதழ் பெற்றதாக எழுந்த வழக்கை 15.5 கோடி டாலருக்குத் தீர்த்துக்கொண்டது. மருந்துகளுக்கான தர நிர்ணயக் குறியீடுகள் முழுவதையும் ஒரு தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தரும் திறன் மென்பொருளுக்கு இருக்க வேண்டும் என்பது சான்றிதழுக்கான விதி. சோதனையில் 16 குறியீடுகள் மட்டுமே கேட்கப்படும். அந்த 16ஐ மட்டும் நிரலுக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்து வைத்துச் சோதனையில் தேறிவிட்டார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. தேர்வில் வரும் கேள்விகளுக்கான விடையை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போவதற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. ஒரே வித்தியாசம், இங்கே தேறியது ஒரு மாணவரல்ல. நோயாளிகளின் மருந்துப் பட்டியலைச் சுமக்கும் ஒரு மென்பொருள்.

அந்தத் தீர்வில் கவனிக்க வேண்டிய விவரம் தொகையின் பெரும்பகுதி அல்ல, சிறுபகுதி. நிறுவனமும் அதன் நிறுவனர்களும் செலுத்தியது போக, ஒரு மென்பொருள் உருவாக்குநர் 50,000 டாலரும், திட்ட மேலாளர்கள் இருவர் தலா 15,000 டாலரும் தங்கள் பெயரில் செலுத்த வேண்டியிருந்தது. அவர்கள் முதலாளிகள் அல்லர். சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். விவகாரத்தை வெளியே கொண்டுவந்தவரும் ஒரு முதலாளியோ மருத்துவரோ அல்லர்: நியூயார்க் நகர நிர்வாகத்தில் அந்த மென்பொருளை நிறுவும் பணியில் இருந்த ஒரு தொழில்நுட்பர். மருந்துப் பட்டியலில் பிழைகள் இருப்பதைப் பார்த்தவர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஒரே மென்பொருளின் இரு முனைகளில் இருந்த சம்பளக்காரர்கள் எடுத்த இந்த இருவேறு முடிவுகளைக் கல்லூரிகளில் நிரல் எழுதக் கற்கும் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும்.

பெயரை நீக்கிவிட்டால் போதுமா?

நெறி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ரகசியம். அதைப் பற்றிச் சுருக்கமாகப் பார்க்கலாம், ஏனெனில் இதன் அடிப்படைப் பாடம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1990களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குழுக் காப்பீட்டு ஆணையம், அரசு ஊழியர்களின் மருத்துவமனை வருகைகளைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்கு வழங்கியது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் மட்டும் நீக்கப்படவில்லை. அப்போது எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் பொருத்திப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு எது என்பது அப்படித் தெரிந்துவிட்டது.

ஆகவே, பெயரை நீக்கிவிட்டோம், இனி இது யாருடைய தகவலும் அல்ல என்று ஒரு தரவு நிர்வாகி உறுதியளிக்கும்போது, எந்தெந்த விவரங்களை விட்டுவைத்தீர்கள், அவற்றோடு பொருத்தக்கூடிய வேறு பட்டியல்கள் சந்தையில் எவை உள்ளன என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டே ஆக வேண்டும்.

தவறான அளவுகோலைத் தேர்ந்தெடுத்தல்

ரகசியம் காக்கப்பட்டு, கையூட்டும் இல்லாமல், நல்ல நோக்கத்தோடு செய்த வேலையிலும் அநீதி நுழைய முடியும். 2019 அக்டோபரில் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. அமெரிக்க மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பரவலாகப் பயன்படுத்திய ஒரு கணிப்பு மாதிரி, சிறப்புக் கவனிப்பு யாருக்குத் தேவை என்று நோயாளிகளைத் தரவரிசைப்படுத்தியது. அதில் நோயாளியின் இனம் ஓர் உள்ளீடாகவே இல்லை. ஆனால் எவ்வளவு நோய் இருக்கிறது என்பதை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அதற்கு ஈடாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஈட்டில்தான் கோளாறு. மருத்துவரை அணுகவே சிரமப்படுபவருக்காகச் செலவழிக்கப்படும் தொகை குறைவாகத்தான் இருக்கும்; அதற்காக அவரது நோய் குறைவென்று பொருளாகாது. அதே அளவு நோயுள்ள வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளுக்குக் குறைவாகச் செலவழிக்கப்பட்டு வந்ததால், மாதிரி அவர்களை ஆரோக்கியமானவர்களாகக் கணித்தது. இந்தச் சாய்வைச் சரிசெய்தால், கூடுதல் உதவிக்குத் தேர்வாகும் நோயாளிகளில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

எதை எதற்கு ஈடாக அளப்பது என்று தேர்ந்தெடுக்கும் அந்தக் கூட்டத்தில், பெரும்பாலும் ஒரு விரிதாளின் நெடுவரிசைப் பெயரைப் பற்றிய பேச்சாகத்தான் அது நடந்திருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தான் ஒரு நெறிக் கேள்விக்கு விடையளிக்கிறோம் என்ற உணர்வே வராது. அந்த உணர்வைப் பயிற்சியால்தான் வரவழைக்க முடியும்.

சென்னையின் மேசையில்

இவையெல்லாம் அமெரிக்காவின் கதை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்க மருத்துவமனைகளின் காப்பீட்டுக் கோரிக்கைகளுக்குக் குறியீடு இடும் மெடிக்கல் கோடிங் தொழில் பெருமளவில் நடக்கும் நகரங்களில் ஒன்று சென்னை. உயிரியல், நர்சிங், ஃபார்மசி படித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இதில் இருக்கிறார்கள்.

ஒரு கோடரின் திரையைப் பார்க்கலாம். மருத்துவர் எழுதிய குறிப்பில், நோயாளிக்கு முன்பு பக்கவாதம் வந்திருந்தது, இப்போது அதன் பாதிப்பு எதுவும் இல்லை, வழக்கமான பரிசோதனைக்கு வந்திருக்கிறார் என்று இருக்கிறது. நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10இல் இதற்குரிய குறியீடு இசட் 86.73, முன்பு இருந்து கடந்துபோன நோய் என்று பொருள். ஐ 63.9 என்று போட்டால் இப்போது பக்கவாதம் நிகழ்ந்திருக்கிறது என்று பொருள். அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் வழியே வழங்கும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில், நோயின் கடுமைக்கு ஏற்பக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு தரும் தொகை கூடும். முதல் குறியீட்டுக்கு அதில் கூடுதல் தொகை இல்லை, இரண்டாவதற்கு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்ததற்கான சுவடே இல்லாமல் இப்போது நிகழ்ந்த பக்கவாதத்தின் குறியீடு மட்டும் இருக்கும் கோரிக்கைகளை அமெரிக்க நலவாழ்வுத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தணிக்கைகளில் தொடர்ந்து பிடித்து வருகிறது.

நாளொன்றுக்கு இத்தனை சார்ட் (நோயாளிக் கோப்பு) என்ற இலக்கும், தரச் சோதனையில் இத்தனை சதவீதம் என்ற அளவுகோலும் தலைக்கு மேல் நிற்கும்போது, வருவாய் தரும் குறியீட்டின் பக்கம் சாய ஓர் இழுப்பு இருக்கத்தான் செய்யும். அவசரத்தில் நேரும் பிழையையும் தெரிந்தே செய்யும் உயர்த்தலையும் நெறி ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஆனால் நோயாளியின் பதிவில் இரண்டும் ஒரேபோலத்தான் உட்காரும். இல்லாத ஒரு பக்கவாதம் அவரது வரலாற்றில் ஏறிவிட்டால், நாளை உண்மையான பக்கவாதத்தோடு அவர் அவசரப் பிரிவுக்கு வரும்போது, அங்கிருக்கும் மருத்துவர் அண்மையில் பக்கவாதம் வந்தவர் என்று நம்பி, மூளையின் இரத்த அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கத் தயங்கலாம். மூன்று மாதத்துக்குள் பக்கவாதம் வந்தவருக்கு அந்த மருந்தில் இரத்தக்கசிவு அபாயம் கூடும் என்பதால் அந்தத் தயக்கம் நியாயமானதாகவும் இருக்கும். பணத்துக்காகப் போட்ட எண் அந்த அறையில் ஒரு மருத்துவத் தகவலாகிவிடுகிறது.

இந்தியாவில் நிலை என்ன?

1. பதிவேட்டின் உரிமை. மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2016இல் திருத்தி வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தர நிர்ணயங்கள், பதிவில் உள்ள தகவல் நோயாளிக்குரியது, மருத்துவமனை அதை அவர் சார்பில் பொறுப்பாக வைத்திருக்கிறது என்ற நிலையை எடுத்தன. இது சரியான தொடக்கம்.

2. இணைப்பு. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன், ஆபா எனப்படும் 14 இலக்க மருத்துவ அடையாள எண்ணின் மூலம் ஒருவரது பதிவுகளை மருத்துவமனைகளுக்கிடையே இணைக்கிறது. நோயாளியின் ஒப்புதல் இருந்தால்தான் பதிவு பகிரப்படும். எண்ணைப் பெறுவதும் கட்டாயமல்ல. ஆனால் புறநோயாளிச் சீட்டுக்கான வரிசையில் நிற்பவரிடம் ஓடிபியைச் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கப்படுவது ஒப்புதலா என்ற கேள்வியை, அந்த மேசைக்கான திரையை வடிவமைப்பவர்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பது தமிழில், படித்துப் புரிந்துகொள்ளும் அளவில், ஓடிபிக்கு முன்னால் தோன்றுகிறதா? வேண்டாம் என்று சொல்பவருக்கும் சீட்டு கிடைக்கிறதா?

3. சட்டம். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. எனினும், மருத்துவத் தகவலை உணர்திறன் மிக்கது என்று தனியாகப் பிரித்த 2011ஆம் ஆண்டு விதிகளைப் போல அல்லாமல், இந்தச் சட்டம் எல்லாத் தனிநபர் தரவையும் ஒரே வகையாகவே பார்க்கிறது. ஒருவரது செல்பேசி எண்ணும் அவரது மனநல சிகிச்சைக் குறிப்பும் சட்டத்தின் பார்வையில் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இது பின்னடைவு.

4. இயங்கிக்கொண்டிருக்கும் கடமை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கியபோது, வெளிநோயாளிப் பிரிவும் ஆய்வகமும் பல நாட்கள் காகிதத்தில் இயங்க வேண்டியிருந்தது. அப்போது பெரிதாகப் பேசப்பட்டது தகவல் யார் கைக்குப் போனது என்பது. ஆய்வக முடிவுக்காகக் காத்திருந்த நோயாளிக்கோ, தன் தகவல் தன் மருத்துவருக்கே கிடைக்கவில்லை என்பதுதான் உடனடித் தீங்கு. பேக்கப் எடுப்பது, அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது ஆகிய யாரும் பாராட்டாத வேலைகளும் நெறிக் கடமைகளே.

5. செயற்கை நுண்ணறிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் இதற்கென நெறி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பொறுப்பு, பாகுபாடின்மை, தரவின் தரம் ஆகியவற்றை அவை வலியுறுத்துகின்றன. ஆனால் அவை வழிகாட்டுதல்கள்தாம், மீறினால் தண்டனை என்ற சட்டமல்ல.

பிராக்டிஸ் ஃபியூஷன் போன்ற ஒன்று இங்கே நடந்தால் என்ன ஆகும்? மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட மருந்து விற்பனைக்கான சீர் நெறிமுறை, மருத்துவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் பரிசு, பயணம் போன்றவற்றை வழங்குவதைத் தடுப்பதை மையமாகக் கொண்டது. மருத்துவரின் திரைக்கும் மருந்து நிறுவனத்தின் பணத்துக்கும் இடையிலான உறவை நேரடியாக வைத்து எழுதப்பட்டதல்ல அது. இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கிளினிக் மென்பொருளை வாங்கும் மருத்துவர் இப்போதைக்குத் தாமே சில கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறலாம். இந்த மென்பொருளின் செலவை யார் ஏற்கிறார்கள்? மருந்துப் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் விரியும் பட்டியலில் முதலில் நிற்கும் பிராண்டு எந்த அடிப்படையில் அங்கே வந்தது? ஒவ்வொரு அலர்ட்டும் எந்த வழிகாட்டுதலின் எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றுகிறது, அதைக் கடைசியாகச் சரிபார்த்த மருத்துவர் யார்? நோயாளிகளின் விவரம், பெயர் நீக்கியோ நீக்காமலோ, வேறு யாருக்காவது தரப்படுகிறதா?

அந்த நான்கு கேள்விகளுக்குமான விடை விற்பனைப் பிரிவிடம் இருக்காது. பட்டியலின் வரிசையை நிரலில் எழுதியவரிடம் இருக்கும்.